வைராக்கியம் எங்கே கிடைக்கும் என்று கேட்ட மகனுக்கு

விழுப்புரத்தில் பாயை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கும் என் மகனுக்கு, திண்டிவனத்திலிருந்து உன் அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். ‘உன் சுகத்துக்குப் பதில் எழுது’ என்று வழக்கமாக எழுதும் வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். உன் சுகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை மருமகள் எஸ்தர் விவரமாக எழுதிவிட்டாள்.

அவளுடைய கடிதமும் நீ எழுதிய துண்டுச் சீட்டும் ஒரே உறையில் வந்தன. ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் மேஜைமேல் தலைசாய்த்துத் தூங்கிப்போனாயாம். எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம். முகத்தில் தண்ணீர் தெளித்து, வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கொல்லையில் நீ ஒன்றுக்குப் போய்வரும் இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து அவளாகவே புரிந்துகொண்டிருக்கிறாள், கெட்டிக்காரி. டாக்டர் வந்து பார்த்து, நீரில் சர்க்கரை இறங்குகிறது, அரிசிச் சோற்றைக் குறைத்துக் கேப்பை சாப்பிட வேண்டும், தினமும் நடக்க வேண்டும், இப்படியே விட்டால் கண்ணும் போகும் உயிரும் போகும் என்று சொன்னாராம். மறுநாள் அவள் கேப்பைக் களி கிண்டி வைத்தாள். நீ தட்டைத் தள்ளிவிட்டு, “நா என்னா கூலிக்காரனா, களியும் கூழும் குடிக்கிறதுக்கு? எங்கம்மா என்ன நெல்லுச்சோறு போட்டு வளத்தவங்க” என்றாயாம். அந்த வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். குரல் உன்னுடையதுதான், பேச்சு என்னுடையது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

உன் துண்டுச் சீட்டில் நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். “நீங்களும் இதே வியாதியில் விழுந்து எழுந்தவர்கள்தானே அம்மா, உங்களுக்கு அந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது? எனக்கு வரவே இல்லை.” படித்துவிட்டு முதலில் சிரித்தேன். எனக்கா வைராக்கியம்? லெந்து நோன்புக் காலம் முழுக்கக் காப்பி குடிக்க மாட்டேன் என்று ஜெபக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, லெந்து ஆரம்பித்த வாரமே சுக்குத் தண்ணீர் என்று பெயர் வைத்துக் காப்பி குடித்தவள் நான். உன் அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்து, “ஏம்மா டீச்சரு, இந்த சுக்கு எந்தக் கடையில வாங்குனது? வாசன தூக்குதே” என்று கேட்டது உனக்கு நினைவிருக்காது, நீ சிறு பிள்ளை. இப்படிப்பட்டவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டபிறகு எனக்கே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இரண்டு நாளாக வேலை செய்துகொண்டே அதைத்தான் யோசிக்கிறேன். கண்டுபிடித்ததைக் கண்டுபிடித்த வரிசையிலேயே எழுதுகிறேன். நடுவில் நீ தூங்கிப்போனால் எஸ்தர் எழுப்பி மீதியைப் படித்துக் காட்டுவாள்.

முதலில் நாம் ஏன் இப்படிச் சோற்றைப் பிடித்துக்கொண்டோம் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உன் தாத்தா, அதாவது என் அப்பா, மேல்மலையனூர்ப் பக்கத்தில் ஒரு ஆண்டை வீட்டில் படியாள். கூலி கேப்பையாகத்தான் வரும். மத்தியானக் கூழ் ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஊற்றப்படும். என்னைப் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்க்க, செஞ்சி வழியாக என்னை நடத்தியும் தோளில் தூக்கியும் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும், விடுதியில் வெள்ளைச் சோறு போட்டார்கள். நான் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது, “எம்மா, இத்தோட கூழு முடிஞ்சிது. நீ இனிமே அது பக்கமே போவக் கூடாது. நம்ம வூட்ல அது என்னோட போவட்டும்” என்றார். நான் தலையாட்டினேன். வேதத்தில் இருக்கும் கட்டளைகளில் எத்தனையோ மீறியிருக்கிறேன், இந்த ஒரு கட்டளையை மட்டும் அப்படியே காப்பாற்றினேன்.

நடக்கிற விஷயமும் அப்படித்தான். நான் டீச்சராகி முதல் விடுமுறைக்கு வண்டி பிடித்து ஊருக்குப் போனேன். சேரி முனையில் மரியாதைக்கு இறங்கப் பார்த்தேன். அப்பா ஓடிவந்து வண்டிக்காரனிடம், “நிறுத்தாத, வூட்டு வாசல் வரிக்கும் ஓட்டு” என்றார். என்னிடம், “எறங்காத, அப்பிடியே குந்திக்கினு வா. எல்லாரும் பாக்கட்டும்” என்றார். எல்லோரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்குக் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூப்பிடு தூரம்தான், அதற்கும் மாதச் சம்பளத்துக்கு ஒரு குதிரை வண்டி. மூன்று வேளையும் சோறு, இரண்டு வேளை குழம்போடும் ஒரு வேளை தயிரோடும். ஏறிவந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் இருந்தோம், எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒரு பெஞ்சில் மூன்று பேருக்கு மேல் உட்கார முடியாது. உடம்பு பெருக்கப் பெருக்க, பசி போய்விட்டது என்பதற்கு அது அத்தாட்சி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம்.

உனக்கு ஆறேழு வயது இருக்கும்போது பக்கத்து வீட்டில் கேப்பை அடை சுட்டு உனக்கு ஒன்று கொடுத்தார்கள். முருங்கைக்கீரை போட்டது. நீ தின்றுகொண்டே வந்து, “அம்மா, இது நல்லாகீது, நம்ம வூட்லயும் சுடு” என்றாய். நான் உன் கையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்து, கிணற்றடிக்கு இழுத்துப்போய் வாய் கொப்பளிக்க வைத்தேன். நீ என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அழுதாய். நான் காரணம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை. நீ அதற்குப் பிறகு கேப்பையைத் தொடவே இல்லை.

பிறகு யுத்தத்துக்கு முன்னால் எனக்கு அந்த வியாதி வந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். கோயில் படி ஏறினால் பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்க முடியாமல் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் துரைசானியம்மா என் நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, நீல மருந்து ஊற்றி, விளக்கில் காய்ச்சினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. எனக்கு வியாதியைவிட அந்த நிறம் மாறியது பெரிய வேடிக்கையாக இருந்தது. இன்னொரு தடவை காய்ச்சிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், “டீச்சர், நீங்கள் கேப்பை சாப்பிட வேண்டும். நிறைய நடக்க வேண்டும். உங்கள் ஜனங்கள் முன்பு அப்படித்தானே இருந்தார்கள்? அது நல்லது” என்றாள். நல்ல மனுஷி, நல்லதைத்தான் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு பாடுபட்டு ஏறிவந்தவளைத் திரும்ப இறங்கிப்போ என்கிறாளே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு அதிகமாகப் போட்டுச் சாப்பிட்டேன். நீ தட்டைத் தள்ளியபோது உனக்குள் என்ன எரிந்தது என்று எனக்குத் தெரியும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

உன் அப்பா என்னைத் திருப்ப என்னென்னவோ செய்து பார்த்தார். பயமுறுத்தினார். பயம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பயந்த மனுஷிக்குப் பசி அதிகமாகும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். வசனம் சொன்னார். சரீரம் தேவனுடைய ஆலயம் என்றார், ஆலயம் பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்றேன். புது வருஷ ஆராதனையில் முழங்கால் போட்டுத் தீர்மானம் எடுத்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அந்த அவமானத்திலும் தீர்மானம் பொங்கலுக்குள் கரைந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளோடு டிரில் செய்து பார்த்தேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், டிரில் அத்தோடு முடிந்தது. ஆக, பயத்தாலும் பக்தியாலும் தீர்மானத்தாலும் நான் எழுந்திருக்கவில்லை. உனக்கும் இவை எல்லாவற்றையும் இதற்குள் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். வரவில்லையே என்று வெட்கப்படாதே, எனக்கும் வரவில்லை.

வந்தது வேறு வழியாக. ஒரு நாள் வண்டிக்காரன் குதிரைக்கு லாடம் கட்டப் போய்விட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் வேறு வழியில்லாமல், குடையைப் பிடித்துக்கொண்டு, அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு தெரு பிரியும் இடத்தில் மூச்சு வாங்கி நின்றேன். நின்ற இடம் எனக்குத் தெரிந்த இடம் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அப்பா என்னை விடுதிக்குக் கொண்டுவந்த அன்று இதே முனையில் என் கையைப் பிடித்து ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார். அந்தத் தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூடம் கிட்டம். நாங்கள் போகக் கூடாத தெரு, அதனால் சுற்றிக்கொண்டு போனோம். நான் திண்டிவனத்தில் இத்தனை வருஷம் இருந்து, கெட்டிச் செருப்பும் கண்ணாடியும் போட்ட டீச்சரான பிறகும், யாரும் என்னை இப்போது தடுக்க மாட்டார்கள் என்று தெரிந்த பிறகும், வண்டிக்காரன்கூட அந்தத் தெருவில் ஓட்டியதில்லை, நானும் ஓட்டச் சொன்னதில்லை. அந்தத் தெருவில் அப்படி என்னதான் இருக்கிறது? இந்தக் கேள்வி வந்தது. கோபத்தில் போகவில்லை, வீரத்திலும் போகவில்லை. பார்க்க வேண்டும் என்று இருந்தது, உள்ளே போனேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு செக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கன்றுக்குட்டி. முறத்தில் வடகம். ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்து நாவிதரிடம் க்ஷவரம் செய்துகொண்டிருந்தார், பாதி முகத்தில் சோப்பு. அவர்தான் கேட்டார்.

“யாரு வூட்டுக்கும்மா?”

“யாரு வூட்டுக்கும் இல்லீங்க. சும்மா.”

“சும்மான்னா?”

“தெருவப் பாக்கலாம்னு வந்தேன்.”

“தெருவுல என்னா கீது பாக்கறதுக்கு?”

“அதாங்க எனக்கும் தெரியல.”

அவர் என் குடையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். “நீங்க எந்தூரு?” என்றார். இதே ஊர்தான் என்றேன். “இதே ஊருன்னா எங்க?” என்றார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் என்றேன். அவருக்குப் புரிந்ததா, புரிந்தும் விட்டுவிட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “சரி, பாத்துக்கினு போங்க” என்று சொல்லிவிட்டு மறு கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் தெருக்கோடிக்குப் போகும்வரை முதுகில் பார்வை இருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன் என்று தோன்றியது. கால் வலித்தது, ஆனால் மனசு அடுத்த தெருவில் இருந்தது.

மறுநாள் வண்டிக்காரன் வந்து, “ஜல்தியா ஏறுங்கம்மா, நேத்து பேஜாராப் பூடுச்சி” என்றான். இன்றைக்கும் வேண்டாம் என்றேன். அவன் எனக்குக் கோபம் என்று நினைத்து அந்த வாரம் முழுக்கக் காலையில் வந்து நின்றான், பாவம். நான் ஒவ்வொரு நாளும் ஒரு தெருவாகத் திண்டிவனத்தைப் பார்த்தேன். தெருக்கள் தீர்ந்ததும் கிடங்கல் ஏரிக்கரைக்குப் போனேன். பிள்ளைகளுக்குப் பூகோளம் எடுக்கிறவள் நான். லண்டனில் ஓடும் ஆறு எது, அது எங்கே போய் விழுகிறது என்று பிரம்பால் தொட்டுக் காட்டுவேன். என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கரையில் மண்வெட்டியோடு நின்றவரைக் கேட்டேன். அடுத்த ஏரிக்கு என்றார். அதற்குப் பிறகு என்றேன், அதற்கு அடுத்த ஏரிக்கு என்றார். கடைசியில் என்றேன். “கடல்லதான். நா என்னா அது பின்னாலயே போயிக்கினா கீறேன்? எனக்கு வேற வேல இல்ல?” என்று கோபித்துக்கொண்டார். எனக்கு வேறு வேலை இல்லாத நாளாகப் பார்த்து வாய்க்கால் ஓரமாக நடந்து பார்த்தேன். கடலுக்குப் போய்ச் சேரவில்லை, அடுத்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் சொன்னது அதுவரைக்கும் சரி. மரக்காணம் ரோட்டில் விடியற்காலையில் உப்பு வண்டிகள் வரும் என்பார்கள், அதைப் பார்க்க ஒரு நாள். இப்படியே ஒரு வருஷத்தில் என் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. நடப்பதற்காக நான் ஒரு நாளும் நடக்கவில்லை என்பதைக் கவனி.

சாப்பாடு மட்டும் வழிக்கு வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் டீச்சர் நடக்கிறாள் என்று ஆகிவிடும். கேப்பைக்குக் குடை ஏது? அது வாய்க்குள் போனால் நான் மறுபடியும் ஆண்டை வீட்டுக் கொல்லையில்தான் நிற்பேன் என்று நினைத்தேன். யுத்தம் வந்து அரிசிக்குத் தட்டுப்பாடு ஆகி, ரேஷன் கடையில் கேப்பையும் கோதுமையும் போட்டார்கள். நிலபுலம் உள்ளவர்கள்கூடப் பை பிடித்து நின்றார்கள். நான் என் பங்குக் கேப்பையைக் கொடுத்துவிட்டு யார் யாரிடமோ அரிசி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போது உன் தாத்தா வயதாகி எங்களோடு வந்து இருந்தார். நீ விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய், அதனால் இது உனக்குத் தெரியாது. கஷ்டப்பட்டுச் சேர்த்த அரிசியை வடித்து அவருக்குப் போடுவேன். பேருக்கு நாலு வாய் தின்றுவிட்டுக் கை கழுவிவிடுவார். பல் இல்லை, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் நடையைப் பாதியில் விட்டுச் சீக்கிரம் திரும்பினேன். கொல்லைத் தாழ்வாரத்தில் புகை. எட்டிப் பார்த்தால் அப்பா மூன்று கல்லைக் கூட்டி, ஒரு மண்சட்டியில் எதையோ துழாவிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் துடுப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எண்பதை நெருங்குகிற மனுஷர்.

“என்னாப்பா பண்ணிக்கினு இருக்க?”

“ஒண்ணுமில்லம்மா. நீ ஜல்தியா வந்துட்ட.”

“சட்டியில என்னா?”

அவர் சட்டியை மறைக்கப் பார்த்தார். அதற்குள் எனக்கு வாசனை வந்துவிட்டது. முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்திருக்கிறார். நான் அரிசிக்கு மாற்றக் கட்டிவைத்த கேப்பையில் கைவைத்திருக்கிறார்.

“நீதானப்பா அது பக்கமே போவாதன்னு சொன்ன?”

“ஒன்னத்தான சொன்னேன். நா போவ மாட்டேன்னு சொன்னனா?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “ஒனக்கு இது புடிக்குமா?” என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

“புடிக்காம? பொறந்ததுலேருந்து குடிச்சதும்மா.”

“அப்பறம் என்ன மட்டும் ஏன் வேணாம்ன?”

அவர் துடுப்பை மறுபடி சட்டிக்குள் விட்டார். கூழ் அடிப்பிடித்துவிடுமே என்ற கவலைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. “அது வந்து... அவங்க மேல நின்னுக்கினு ஊத்துவாங்க. நாம கீழ கையேந்திக்கினு நிக்கணும். நீ அப்பிடி நிக்கக் கூடாதுன்னு சொன்னேன். கூழு மேல எனக்கு என்னா கோவம்?” என்றார்.

மகனே, நான் அங்கேயே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒன்றைச் சொன்னார், நான் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டு ஒரு ஆயுசையே நடத்தியிருக்கிறேன். சட்டியை உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். உன் அப்பாவின் பீங்கான் கோப்பைகளை எடுத்தேன். என் அப்பா மேஜையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தார், இழுத்து உட்கார வைத்தேன். வெங்காயமும் வறுத்த மல்லாட்டைக் கடலையும் வைத்து, நானே அவருக்கு ஊற்றினேன், அவர் எனக்கு ஊற்றினார். புளிப்பாக, உப்பாக, நன்றாக இருந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, கோபமும் வந்தது, உன்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனது ஞாபகம் வந்தது. அப்பா பயந்துபோய், “உப்பு கூடப் போட்டுட்டனா?” என்று கேட்டார். அன்று சாயங்காலம் உன் அப்பா வந்து மேஜையைப் பார்த்துவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்டு, அவரும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு வேளை களி, ஒரு வேளை அடை, ஒரு வேளைதான் சோறு. அடுத்த தடவை துரைசானியம்மா குழாயைக் காய்ச்சியபோது மருந்து பச்சையோடு நின்றது. அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

இத்தோடு கதை முடிந்தது என்று எழுதிவிட்டால் நன்றாக இருக்கும், ஆனால் நீ என்னை நம்ப மாட்டாய். தாத்தா போய், அடுத்து உன் அப்பாவும் போனபிறகு நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். தயிரும் சோறும் தூக்கமுமாகக் கிடந்தேன். குடை மூலையில் சாய்ந்திருந்தது. தாகம் திரும்ப வந்தது, எறும்பும் வந்தது. பார்க்க வந்தவர்கள் புத்தி சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஏரி வழிந்ததா என்று வந்தவர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. “யாருக்குத் தெரியும் டீச்சரம்மா” என்றார்கள். இந்த ஊரில் இதைக்கூடப் பார்க்காமல் மனுஷர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எரிச்சல் வந்தது, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதி வழியில் கரண்டைக்கால் தண்ணீரில் நின்றபோதுதான் நான் மறுபடியும் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது. ஆக, எழுவது என்பது ஒரு தடவையோடு தீர்கிற காரியமாகத் தெரியவில்லை. விழுந்ததற்காக ரொம்ப அழவேண்டியதும் இல்லை.

இவ்வளவு யோசித்தும் உனக்கு வைராக்கியம் எங்கே கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அது கிடைக்கவே இல்லை. எனக்குக் கிடைத்தது ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் கேள்வி. உனக்கு அதற்கா பஞ்சம்? சிறு பிள்ளையில் நீ என்னைத் துளைத்தெடுப்பாய். பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று ரயிலுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டு, பதில் தெரியாமல் நான் உன் வாயில் பொரி போட்டு அடைத்திருக்கிறேன். இப்போது நீ இத்தனை பக்கம் பாதை பிரிகிற ஊரில் உட்கார்ந்திருக்கிறாய். மல்லாட்டை மூட்டைக்கு எல்லாம் ஊர் பெயர் போட்டு அனுப்புகிறாய். அது எந்த வயலிலிருந்து வந்தது என்று போய்ப் பார்த்திருக்கிறாயா? புதுச்சேரிக்குப் போகிற பாதை உன் ஊரை விட்டு எந்த இடத்தில் விலகிப் போகிறது? வளவனூர்ப் பக்கம் கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டதா? எனக்கு இதெல்லாம் தெரியவேண்டும், பதில் எழுது. எஸ்தரைக் கேட்டு எழுதாதே, பார்த்து எழுது. டாக்டர் கொடுக்கும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. களியை மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்காதே. முருங்கைக்கீரை போட்டு அடை சுடச் சொல்லி, எஸ்தரையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தின்று பார். உனக்குக் கேப்பைமேல் எந்தக் கோபமும் கிடையாது, மகனே. என் கோபத்தைத்தான் நீ இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறாய். அதை இறக்கி வை.

இன்னும் ஒன்று, இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். நம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை உனக்குத் தெரியும். வயல் வரப்பு, வண்டி போகாது, பெட்டியைத் தோளில்தான் தூக்க வேண்டும். உன் அப்பாவைத் தூக்கிப் போனபோது முன்பக்கம் நீ இருந்தாய். பாதி வழியில் மூச்சு வாங்கி, வேறு ஒருவரிடம் தோள் மாற்றிக் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாய். பின்னால் வந்த நான் பார்த்தேன். என்னைத் தூக்கும்போது நீ கடைசி வரை தூக்க வேண்டும். அவசரமில்லை, எனக்கு இன்னும் பார்க்கவேண்டியவை நிறைய இருக்கின்றன, நீ உடம்பைத் தேற்றிக்கொள்ள நாள் இருக்கிறது. நான் ஒன்றும் அவ்வளவு இளைத்துவிடவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்.

நான் பயப்படுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். இப்போது எனக்கு ஒரு பயம் இருக்கிறது. மூச்சு வாங்காமல், யாருடைய கையையும் பிடிக்காமல், அந்தப் பாதை முழுவதும் என்னால் நடக்க முடியும். உன் பெட்டிக்குப் பின்னால்கூட நடந்துவிட முடியும், மகனே. இந்தத் தெம்பை நான் அதற்காகச் சேர்க்கவில்லை.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கும்,
உன் அம்மா